ராஜாமணியின் வலது கால்

பாஞ்சாலி தன் புருஷன் எல்லப்பனைக் கைத்தாங்கலாக நடத்தி வருவதைப் பார்த்ததுமே ராஜாமணிக்கு விஷயம் விளங்கியது. சுளுக்கு. ராஜாமணி கால் முதலில் வெளிவந்து பிறந்தவன். அப்படிப் பிறந்தவன் காலால் நீவிவிட்டால் எந்தச் சுளுக்கும் விட்டுப்போகும் என்பது சேரப்பணஞ்சேரியின் நம்பிக்கை. பி.ஏ. முடித்தும் அது அவனை விடவில்லை. மனைவி மரகதம் செத்து ஐந்து மாதமாகியும் விடவில்லை.

“தம்பி, காலைலேர்ந்து கழுத்த திருப்ப முடியல. கொஞ்சம் நீவி வுடு,” என்றாள் பாஞ்சாலி. “வாயும் தொறக்கல. கல்யாணமாகி பத்து வருசத்துல இன்னிக்குத்தான் வூடு அமைதியா கீது.”

எல்லப்பன் சிரித்தான். பல் மட்டும் தெரிந்தது. கண் சிரிக்கவில்லை.

அந்தச் சிரிப்பை ராஜாமணி முன்பே பார்த்திருந்தான்.

“அண்ணே, வாயத் தொறங்க.”

ஒரு விரல் நுழையும் அளவுகூடத் திறக்கவில்லை.

“எங்கனா காயம் பட்டுச்சா?”

“போன வாரம் கல்குவாரில கால்ல ஆணி ஏறிச்சி. அது ஆறிப்போச்சி. காலுக்கும் கழுத்துக்கும் இன்னா தம்பி சம்பந்தம்? படிச்சவன் கேக்குற கேள்வியா இது?”

எல்லப்பன் தரையில் குப்புறப் படுக்கப் போனான்.

“வேணாம்ணே! அண்ணி, இது சுளுக்கு இல்ல. ரணஜன்னி, காயத்து வழியா வர்ற டெட்டனஸ். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போவணும். இப்பவே.”

“ஜன்னின்னா ஒடம்பு கொதிக்கும், பெனாத்தும். தொட்டுப் பாரு, ஜில்லுனு கீது.”

அதுவரை யாரிடமும் சொல்லாததை ராஜாமணி சொன்னான்.

“மரகதத்துக்கும் கொதிக்கல அண்ணி. முள்ளு குத்தி எட்டாம் நாள், தாடை சுளுக்கிக்கிச்சின்னா. நான்தான் ரெண்டு நாள் காலால நீவினேன். மூணாம் நாள் வில்லாட்டம் வளைஞ்சா.”

பாஞ்சாலி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு எல்லப்பனின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

பஸ்ஸில் ஒவ்வொரு ஹாரனுக்கும் எல்லப்பன் முதுகு விறைத்தது. ஒரகடம் தாண்டியும் ராஜாமணி அவன் காதுகளைப் பொத்திய கையை எடுக்கவில்லை.

“இன்னா ஒடம்புக்கு?” என்றார் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுபவர்.

“ரணஜன்னி,” என்றாள் பாஞ்சாலி. “சுளுக்குன்னு எழுதிடாதீங்க.”

டாக்டர் பார்த்துவிட்டு வெளியே வந்தார். “பிழைப்பாரான்னு இப்ப சொல்ல முடியாது. பத்து நாள் தாண்டணும். ஆனா மொத நாளே கூட்டிக்கிட்டு வந்துட்டீங்க. யாரு கண்டுபிடிச்சது?”

பாஞ்சாலி ராஜாமணியைக் காட்டினாள்.

அவன் வலது காலை இடது காலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான்.