கறுப்புக் கோட்டுக்காரர் பார்க்கும் திசை

“இந்தப் படத்துல உனக்கு என்னம்மா தெரியுது?” என்று நடனப் பள்ளித் தலைவர் தன் மாடியறைச் சுவரில் மாட்டியிருந்த ஓவியத்தைக் காட்டி அவளிடம் கேட்டார்.

கார் வரும்வரை பொழுது போகட்டும் என்று கேட்ட கேள்விதான். அவள் தங்கையின் பெட்டி கதவோரம் இருந்தது. மேல்பயிற்சிக்காகத் தங்கையை அவர் பெரிய நகரத்துக்கு அழைத்துப் போகிறார். தங்குவது அவர் வீட்டிலேயே. பள்ளிக்கு நடன உடை தைக்கும் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

“அவளையா சார் கேக்குறீங்க? எங்க வீட்டு ஊமைக்கோட்டான் அது! வகுப்புல பேரு கேட்டதுக்கே அழுதுட்டு, படிப்பே வேண்டாம்னு வந்தவ.”

அவள் படத்தைப் பார்த்தாள். கிட்டத்தில் வெறும் சாயத் திட்டுகள். ஓரடி பின்வாங்கியதும் புகை மாதிரி வெள்ளைப் பாவாடைகள், கால்விரல் நுனியில் நிற்கும் பெண்கள்.

“இத்தனை பேர் ஆடுறாங்க. ஒருத்தி முகத்துலயும் சிரிப்பில்ல.”

“ஒத்திகைம்மா அது. ஒத்திகைல யார் சிரிப்பா?”

“ஓரத்துல கறுப்புக் கோட்டு போட்டிருக்கறவரு?”

“யாராவது பெரிய மனுஷனா இருக்கும். நடனம் பார்க்க வந்திருப்பாரு.”

“நடனத்தைப் பார்க்கலையே. முகமே வரையல, ஆனா தொப்பி இந்தப் பக்கம் சாஞ்சிருக்கு. தனியா உக்காந்து செருப்பைக் கழட்டுது பாருங்க, சின்னப் பொண்ணு, அதைத்தான் பார்க்குறாரு. அதுக்கும் தெரியும். அதான் நிமிரல.”

போன வாரம் உடைக்கு அளவெடுக்க அம்மா தோளைத் தொட்டதும் தங்கை வெடுக்கென்று விலகியது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கதவோரம் நின்ற தங்கையிடம் திரும்பினாள்.

“போகாதடி.”

அம்மா அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். “வாயை மூடு! அவ வாழ்க்கையில மண்ணள்ளிப் போடாத.”

தலைவர் சிரித்தார். “நல்ல கற்பனை” என்றார். கீழே கார் ஒலி எழுப்பியது. அவர் முன்னால் இறங்கிப் போனார்.

“அம்மா, நீயாவது கேளு அவளை. ஒரு வார்த்தை கேளு.”

அம்மா தங்கையைப் பார்க்கவில்லை. தன் சேலையில் ஒட்டியிருந்த நூல்துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினாள். அம்மாவுக்கும் தெரியும் என்பது அவளுக்கு அப்போது விளங்கியது.

தங்கை அம்மா கேட்பாள் என்று சற்று நேரம் நின்றாள். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.