கருப்பு அட்டை

2005ஆம் வருடம் மே மாதம். மரக்காணத்தில் உப்பு எடுக்காமல் விட்டிருந்த பாத்திகளில் ராணுவ மருத்துவப் பிரிவின் பயிற்சி நடந்தது. குண்டு வெடித்ததாக வைத்துக்கொண்டு, காயம்பட்டவர்களைப் பயிற்சி வீரர்கள் எப்படிக் கவனிக்கிறார்கள் என்று பார்த்து மதிப்பெண் போட வேண்டும். போடுகிறவர் சுபேதார் சகாயராஜ். இருபத்திரண்டு வருடம் ராணுவ ஆஸ்பத்திரிகளில் ரத்தமும் சீழும் துடைத்த மனிதர்.

காயம்பட்டவர்களாகப் படுத்திருந்தது உப்பளக் கூலியாட்கள். உடம்பில் சிவப்புச் சாயம், கழுத்தில் அட்டை. சிவப்பு அட்டை என்றால் உடனே கவனிக்க வேண்டும். பச்சை என்றால் காத்திருக்கலாம். கருப்பு என்றால் செத்தவர், நேரத்தை வீணாக்கக் கூடாது. கருப்பு அட்டை அந்தக் கூலியாட்களில் ஒருத்தியான ஆராயிக்கு வந்தது. அசையாமல் கிடக்கச் சொல்லியிருந்தார்கள். பெரிய அதிகாரி வரத் தாமதமானதால் பத்து மணிக்குப் படுத்தவள் பன்னிரண்டு மணி வெயிலிலும் அப்படியே கிடந்தாள்.

விசில் ஊதியதும் பயிற்சி வீரன் சரவணகுமார் பாய்ந்தான். கட்டு, ஊசி, ஸ்ட்ரெச்சர் என எல்லாம் சுத்தமான வேலை. ஆராயியைத் தாண்டும்போது அவள் கையை மிதித்தான். அவள் அசையவில்லை. சகாயராஜ் மதிப்பெண் தாளைப் பார்த்தார்: 'கருப்பு அட்டையைத் தவிர்த்தார்.' டிக் போட்டார்.

அப்புறம்தான் அவள் வாயோரம் வழிந்த வாந்தியைப் பார்த்தார். சாயம் இல்லை, நிஜம். ஓடிப்போய்த் தொட்டால் உடம்பு கொதித்தது. வியர்வையே இல்லை.

"டேய், இங்க வாடா! தண்ணி கொண்டா!"

சரவணகுமார் திரும்பிப் பார்த்து, பூட்ஸில் ஒட்டியிருந்த வாந்தியை மண்ணில் தேய்த்தான். "கருப்பு அட்டை சார். எனக்கு இன்னும் ரெண்டு கேஸ் இருக்குது, டைம் போயிடும்."

சகாயராஜுக்கு அருவருப்பாக இருந்தது. அவனை நினைத்து மட்டுமல்ல. தான் போட்ட டிக்கை நினைத்தும்.

அவளைத் தூக்கி நிழலில் போட்டு, ஈரத்துணியால் துடைத்து, ஜீப்பில் ஏற்றினார். அதற்குள், தாமதமாக வந்திருந்த அந்த அதிகாரி, மேஜர் சிவஞானம், அங்கே வந்துவிட்டார்.

"மார்க் ஷீட்ட முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க. சரவணகுமார்தான் ஃபர்ஸ்ட்டு."

"ஒரு பொம்பள சாகக் கெடந்தா சார். மிதிச்சுட்டுப் போனான்."

"ஷீட்ல அதுக்குக் கட்டம் இல்லியே."

சகாயராஜ் தான் போட்ட டிக்கைக் கிறுக்கி அழித்துவிட்டு, தாள் முழுக்கக் குறுக்கே கோடு கிழித்து, 'தகுதியில்லை' என்று எழுதி நீட்டினார். மேஜர் அதைப் படித்துச் சிரித்தார். வேறு தாள் எடுத்துத் தாமே நிரப்பத் தொடங்கினார். "கையெழுத்தாச்சும் போடுவீங்களா?"

"போட மாட்டேன் சார்."

அரசு ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் இறங்கியபின் ஆராயி கண் விழித்தாள். மிதிபட்ட விரல்கள் வீங்கியிருந்தன. பக்கத்தில் சீருடையோடு நின்றவரைப் பார்த்ததும் பதறினாள்.

"வாந்தி எடுத்து உங்க வேலையக் கெடுத்துட்டேனா சார்? அசையக்கூடாதுன்னுதான் பல்லக் கடிச்சுக்கினு இருந்தேன்."

சகாயராஜால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெளியே போய்க் குழாயடியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

சாயங்காலம் சரவணகுமாருக்குக் கேடயம் கொடுத்தார்கள். சகாயராஜை அதற்கப்புறம் யாரும் மதிப்பெண் போடக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டார்.