குருவம்மாளின் கையில் வளர்ந்த பிள்ளை

குருவம்மாளின் இடது முன்கையில் பச்சை குத்தப்பட்டிருந்த பிள்ளைக்கு 1973ஆம் வருடம், ஏலப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் மழை பிடித்த வாரத்தில், கீழ்வரிசையில் இரண்டு பற்கள் முளைத்தன. கொழுந்து நிறுக்கிற இடத்தில் அதை முதலில் பார்த்தவள் அடுத்த வீட்டுச் சின்னத்தாய். "ஏக்கா, பிள்ளைக்குப் பல்லு மொளச்சிருக்கு. இனி கையில எது அம்புட்டாலும் கடிப்பா, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுத் தன் கூடையைத் தராசில் வைத்தாள். அந்த வாரம் அரிசி விலை ஏறியிருந்தது. லயத்து வீடுகளில் எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசினார்கள்.

பிள்ளையின் பெயர் சலோமி. முந்தின வருட மழையில் காய்ச்சல் கண்டு, ஞானஸ்நானம் பெறுவதற்கு முன்பே, ஐந்து மாதக் குழந்தையாக இறந்துபோனாள். அடக்கம் முடிந்தும் குருவம்மாளுக்குப் பால் வற்றவில்லை. ரவிக்கை நனைய நனையக் கொழுந்து கிள்ளினாள். அப்போது கம்பத்திலிருந்து மலையேறி வந்த குறத்தி ஒருத்தி, பச்சை குத்தும் கரியைக் குழைக்கத் தாய்ப்பால் வேண்டுமென்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். குருவம்மாள் பாலைக் கொடுத்துவிட்டுக் கையையும் நீட்டினாள். வட்டமாக ஒரு முகம், கோடு கோடாகக் கைகால்கள். குறத்திக்கு அவ்வளவுதான் வரையத் தெரிந்திருந்தது. புண் ஆறியபோது கோடுகளில் சதை பிடித்திருந்தது. பாலும் அதோடு நின்றது. பிள்ளை மெதுவாகத்தான் வளர்ந்தாள், ஆனால் வளர்ந்தாள்.

புதிதாக வந்த போதகர் ஞானாபரணம் இதை ஒப்புக்கொள்ளவில்லை. குருவம்மாள், தேயிலை ஆலையில் வேலை பார்த்த ஏசுரத்தினத்தைக் கட்டிக்கொண்டபோது வேதத்துக்கு வந்தவள். அவனுடையது, திருநீற்றையும் பச்சையையும் ஒரே நாளில் விட்டுவிட்ட குடும்பம். போதகர் கெட்டவர் அல்ல, நிறையப் படித்தவர். ஆதியில் அடிமைகளின் முகத்தில் குறி குத்தினார்கள் என்பதும், முகம் கடவுளின் சாயல் என்று ஒரு கிறிஸ்தவ ராஜா அதைத் தடுத்ததும், எகிப்து தேசத்துக் கிறிஸ்தவர்கள் இன்றும் பிள்ளைகளின் மணிக்கட்டில் சிலுவை குத்துவதும் அவருக்குத் தெரியும். ஆனால் செத்தவர்களுக்காக உடம்பைக் குத்திக்கொள்ளக் கூடாது என்று வேதம் விலக்கியிருக்கிறது. குருவம்மாள் செய்திருந்தது அச்சாக அதுவேதான். கிறிஸ்துமசுக்குள் அதை அழிக்காவிட்டால் அவளுக்குத் திருவிருந்து இல்லை, செத்தால் கல்லறைத் தோட்டத்தில் இடமும் இல்லை என்று சொல்லிவிட்டார். கோயில் மணியடிக்கிற பட்டாளத்து ஆசீரோ, யுத்தத்துக்குப் போன இடத்தில் எருசலேமில் கையில் குத்திக்கொண்ட சிலுவையோடு வாராவாரம் முதல் ஆளாக மண்டியிட்டுக்கொண்டிருந்தார்.

"அவுக கையில இருக்கது பச்சையில்லாம பவுடராய்யா?" என்று கேட்டாள் குருவம்மாள்.

"அது சிலுவைம்மா."

"இது எம்பிள்ள."

ஏசுரத்தினம் எங்கோ சொல்லிவைத்து ஒரு குப்பி முந்திரிக்கொட்டை எண்ணெய் வாங்கி வந்தான். பட்ட இடத்துத் தோலைச் சுட்டு உரித்துவிடும் எண்ணெய் அது. "ஏட்டி, எனக்கு ஒரு எடம், ஒனக்கு ஒரு எடம்னு பிரிச்சுப் பொதைக்கணுமா? எனக்காகச் செய்யி" என்றான். "ஒருக்க பொதச்சாச்சு. இன்னொருக்க எண்ணெ ஊத்தி எரிக்கணுமோ?" என்றாள் அவள். அதன்பின் குப்பி மாடத்திலேயே இருந்தது. திறக்க அவனுக்கும் கை வரவில்லை.

கிறிஸ்துமசுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகரே வீட்டுக்கு வந்தார். குருவம்மாள் குப்பியை எடுத்து அவர் முன்னால் வைத்து, கையை நீட்டி, "நீங்களே ஊத்துங்கய்யா" என்றாள். எங்கே ஊற்றுவது என்று குனிந்து பார்த்தவர், பிள்ளையின் முகத்தை ஒரு விரலால் தொட்டார். சலோமி அந்த விரலை இரண்டு கையாலும் பிடித்துக் கடித்தாள். அவருடைய விரல் நுனியில் நீலமாக இரண்டு புள்ளிகள் விழுந்தன. துடைத்துப் பார்த்தார், போகவில்லை.

"செத்த பிள்ளைக்குப் பல்லு மொளைக்குமாய்யா?" என்று கேட்டாள் குருவம்மாள்.

போதகர் "செத்தவங்களுக்காகத்தான் கூடாது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு குப்பியை ஏசுரத்தினத்திடம் கொடுத்து, "உத்தரத்துல பூசு, கரையான் அரிக்காது" என்றார்.

கிறிஸ்துமஸ் அன்று முன்கையில் தண்ணீர் ஊற்றி சலோமிக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். தண்ணீர் குளிர்ந்து கிடந்ததால் பிள்ளை முகத்தைச் சுளித்தாள். இரண்டு குடும்பங்கள் கோபித்துக்கொண்டு பீர்மேட்டுக் கோயிலுக்குப் போயின. பஸ் கட்டணம் கட்டுப்படியாகாமல் ஈஸ்டருக்குத் திரும்பி வந்தன. குருவம்மாள் மறுபடி திருவிருந்துக்கு மண்டியிட்டாள். மாற்றலாகிப் போகும்வரை போதகர் அப்பத்தை எடுத்துக் கொடுத்தது அந்த நீலப் புள்ளி விரலால்தான். அதென்ன என்று யாரும் கேட்கவில்லை. லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் அம்மை போட்ட வருடம் சலோமிக்கும் போட்டது, குருவம்மாள் கையில் வேப்பிலையைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். 1978இல் சலோமியின் சடை குருவம்மாளின் மணிக்கட்டைத் தொட்டது. அந்த வருடம் அவளைக் கோயிலின் ஓய்வுநாள் பள்ளியில் சேர்த்தார்கள். குருவம்மாள் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே பெஞ்சில் உட்கார்ந்து, கையை மேசைமேல் வைத்துக்கொண்டாள். பாடம் நடத்திய சந்தனமேரி பாதியில் நிறுத்தி, "அக்கா, கைய இப்படி ஓரமா நகத்துங்க. பிள்ளைக்குப் பலகை தெரியல" என்றாள். குருவம்மாள் நகர்த்தி வைத்தாள்.