சித்தி கொடுத்த மாத்திரை

அம்மாவின் இடது கை ரவிக்கைக்குள் நுழையவில்லை. டீனா முழங்கையைப் பிடித்து மெல்ல மடக்கிப் பார்த்தாள். மடங்கவில்லை.

"இழுக்காதடி. அவளுக்கு வலிக்கும்" என்றாள் ஐரின் சித்தி. சொன்ன பிறகுதான் உறைத்தது போல உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்து ரவிக்கையின் முதுகை மேலிருந்து கீழ்வரை வெட்டினாள். இருவருமாக அதை முன்பக்கத்திலிருந்து போர்த்தி, ஓரங்களை அம்மாவின் முதுகுக்கடியில் சொருகினார்கள். அப்படியும் தோளில் துணி தொளதொளவென்று நின்றது. கடைசி மாதங்களில் அம்மா பெர்னதெத் டீச்சரின் உடம்பில் எலும்பும் வயிறும் மட்டுமே மிஞ்சியிருந்தன.

"எப்படி இருந்தவ" என்றாள் சித்தி. "என்னால நம்பவே முடியல டீனா. மாத்திரை போட ஆரம்பிச்சப்புறம் எவ்வளவு தெம்பா இருந்தா. நிம்மதியாத் தூங்கினா. முகத்துல ஒரு பளபளப்பு. எங்கிருந்துடி வந்துச்சு இந்தப் பாழாப்போன நோய்?"

டீனா சேலை மடிப்பைச் சரிசெய்வதில் கவனமாக இருந்தாள்.

அம்மாவுக்கு மாதவிலக்கு நின்ற வருடம் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே கழுத்திலிருந்து நெருப்பு ஏறும், வேர்த்து ஊற்றும். ஒன்றுமில்லாததற்குப் பிள்ளைகளை அடித்துவிட்டு, பிறகு ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அழுவாள். தூக்கம் போயிற்று. அப்பா ஓஸ்வால்ட் எது பேசினாலும் சண்டையில் முடிந்தது. அப்போதுதான் சித்தி தன் கைப்பையிலிருந்து ஒரு மாத்திரைப் பட்டையை எடுத்துக் கொடுத்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் சித்திக்கு எழுதிக் கொடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரை அது. ஒரு வாரத்துக்குள் அம்மா பழையபடி சிரிக்க ஆரம்பித்தாள். தெருமுனை மெடிக்கலில் சீட்டுக் கேட்காமலே கொடுத்தார்கள். வருடக்கணக்கில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு ரத்தம் படத் தொடங்கியது. அம்மா யாரிடமும் பெரிதாகச் சொல்லவில்லை. ஒருநாள் புடவை எல்லாம் நனைந்து பள்ளிக்கூடத்திலிருந்து ஆட்டோவில் கூட்டிவந்தார்கள். கர்ப்பப்பையில் தொடங்கிய புற்றுநோய் அதற்குள் வெளியே பரவிவிட்டிருந்தது.

முதல் நாள் ஆஸ்பத்திரிக்கு டீனாதான் கூடப் போனாள். டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஹார்மோன் மாத்திரை எதுவும் சாப்பிட்டீர்களா என்றார். தங்கை கொடுத்தது என்று சொல்லி, மாத்திரையின் பெயரையும் அம்மா சொன்னாள்.

"உங்க தங்கச்சிக்குக் கர்ப்பப்பை இருக்கா?"

"இல்லைங்க. கட்டின்னு எடுத்துட்டாங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அவங்க இத மட்டும் தனியாப் போட்டுக்கலாம்மா. கர்ப்பப்பை இருக்கிறவங்களுக்கு நாங்க கூடவே இன்னொரு ஹார்மோனும் சேர்த்துத்தான் குடுப்போம். இல்லேன்னா உள்சுவர் தடிச்சுக்கிட்டே போகும். இதனாலதான் வந்துச்சுன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா..." அவர் மறுபடியும் பேனாவை எடுத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அம்மா வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டீனாவின் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள்.

"ஐரினுக்கு இது தெரியவே கூடாது. பாசத்துல குடுத்தாடி. தெரிஞ்சா அவ தாங்க மாட்டா. அப்பாகிட்டயும் சொல்லாத, அவருக்கு வாய் நிக்காது."

டீனா தலையாட்டினாள். அன்று முதல் சித்தி அழும்போதெல்லாம் அவள் வேறு பக்கம் பார்க்கப் பழகியிருந்தாள்.

கூடத்தில் அம்மாவைக் கிடத்திய பெட்டிக்கு இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி எரிந்தது. அணைந்துவிடும் என்று மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். லிங்கராஜபுரத்துச் சொந்தங்களும் அம்மாவோடு வேலை பார்த்த டீச்சர்களும் அந்த வெக்கையில் நெருக்கியடித்து உட்கார்ந்து ஜெபமாலை சொன்னார்கள். அப்பா வாசலில், யாரோ போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு டீனா சமையலறைக்குப் போனாள். மாடிவீட்டு வீணா பெரிய பாத்திரத்தில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அடுப்படியை விட்டு அவள் நகரவில்லை. முகமெல்லாம் வேர்த்து, முந்தானையால் துடைத்துத் துடைத்துக் கழுத்து சிவந்திருந்தது. சித்தி பக்கத்தில் நின்று சர்க்கரை டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள்.

"இது அடுப்புச் சூடா, அந்தச் சூடா?"

"அதுதான் ஐரின்கா. சாக்காயிடுச்சு எனக்கு, போதும் போதும்னு இருக்கு. சும்னே நின்னுட்டு இருப்பேன், குப்புன்னு ஏறும். ராத்திரி தூக்கமே இல்ல. பெர்னதெத் அக்காகிட்டச் சொல்லி அழுவேன். இனிமே யார்கிட்டச் சொல்றது?"

சித்தியின் கண் கலங்கியது. டப்பாவை வைத்துவிட்டுக் கைப்பையைத் திறந்தாள்.

"இத வச்சுக்கோ. தினம் ஒண்ணு. அக்காவும் இதத்தான் போட்டுட்டு இருந்தா. தீர்ந்துபோச்சுன்னா நம்ம முனைக்கடையில என் பேரச் சொல்லு, குடுப்பான்."

வீணா வாங்கிக்கொண்டாள். டீனா டம்ளர்களோடு அடுப்படி வாசலிலேயே நின்றாள். கூடத்தில் ஜெபம் முடியப்போகிறது. இப்போது பேசாமல் இருந்துவிட்டு நாளைக்கு மாடிக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். வீணா பட்டையைத் திருப்பிப் பார்த்து, ஒரு மாத்திரையைப் பிதுக்கக் கட்டைவிரலை வைத்தாள்.

"வீணாக்கா, போடாதீங்க."

சித்தி திரும்பினாள். "ஏன்டி? நான் எத்தன வருஷமாப் போடுறேன். நல்லாத்தானே இருக்கேன்?"

"நீங்க போடலாம் சித்தி. டாக்டர் பார்த்துட்டு உங்களுக்குன்னு எழுதினது." டீனா வீணாவின் முகத்தை மட்டுமே பார்த்துப் பேசினாள். "அக்கா, உங்களுக்கு ஆபரேஷன் எதுவும் ஆகலதானே? அப்ப இத மட்டும் தனியாப் போடக் கூடாது. லேடி டாக்டர்கிட்டப் போங்க. பி.பி. பார்ப்பாங்க. ரத்தக்கட்டு வந்திருக்கா, வீட்ல யாருக்காவது மார்புல புத்து இருந்துச்சான்னு எல்லாம் கேப்பாங்க. உங்களுக்கு ஒத்துக்கும்னா, இன்னொரு மாத்திரையும் சேர்த்துக் குடுப்பாங்க. நல்ல மருந்துதான். ஆனா அவங்க பார்த்துக் குடுக்கணும். பீரியட்ஸ் நின்னதுக்கப்புறம் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அன்னிக்கே போய்க் காட்டணும்."

சொல்லி முடித்ததும் தன் குரல் எவ்வளவு உரக்க ஒலித்திருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. வீணா மாத்திரைப் பட்டையை மேடையில் வைத்துவிட்டுக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

சித்தி மேடையில் கிடந்த பட்டையைப் பார்த்தாள். பிறகு, கணக்கு ஒன்றைச் சரிபார்ப்பவள் போல நிதானமாகக் கேட்டாள்.

"அக்காவுக்கு இருந்துச்சே?"

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. வீணா அவசரமாகத் தீயை அணைத்துவிட்டு, இருவரையும் பார்த்து, துணி எடுக்கப் போவது போல வெளியே நழுவினாள்.

"டாக்டர் சொன்னாங்களா டீனா?"

"உறுதியாச் சொல்ல முடியாதுன்னுதான் சொன்னாங்க சித்தி."

"பீரியட்ஸ் திரும்ப வந்துடுச்சுடின்னு என்கிட்டச் சொன்னா. வயசு திரும்புது உனக்குன்னு நான் சிரிச்சேன். ரெண்டு பேரும் சேர்ந்து சிரிச்சோம்." சித்தி அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். "அவளுக்குத் தெரியுமா?"

டீனா தலையைக் குனிந்துகொண்டாள்.

"போன வாரம் நான் அழுதப்ப என் முதுகத் தடவிக் குடுத்தாளே. எந்திரிச்சு உட்கார முடியாம இருந்தா, அப்பவும் தடவிக் குடுத்தாளே..."

சித்தியின் வாய் திறந்தபடியே இருந்தது. சத்தம் வரவில்லை. டீனா டம்ளர்களை வைத்துவிட்டு அவளை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தாள். சித்தி கையை நீட்டித் தடுத்தாள். கோபமில்லை, இப்போது யாரும் தொட வேண்டாம் என்பது போல இருந்தது.

வாசலிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "ஐரின், ஃபாதர் வந்துட்டாரு. பெட்டிய மூடப் போறாங்க, வாங்க."

சித்தி குழாயைத் திறந்து முகம் கழுவினாள். போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். எல்லோரும் கதறிய அந்த நேரத்தில் அவள் அழவில்லை. குனிந்து அக்காவின் நெற்றியில் முத்தமிட்டாள். நிமிர வெகுநேரம் பிடித்தது. அப்பாதான் தோளைத் தொட்டு விலக்கினார்.

கோயிலில் பூசை முடிந்து கல்லறைக்குப் போனபோது வெயில் சாய்ந்திருந்தது. ஃபாதர் ஜெபம் சொல்லிக் குழியை மந்திரித்த பிறகு வரிசையாக வந்து எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். அப்பா போட்டார். டீனா போட்டாள். சித்தியும் குனிந்து அள்ளினாள். குழியின் ஓரத்தில் நின்றாள். குழி வெட்டியவர்கள் மண்வெட்டியோடு காத்திருந்தார்கள். பின்னால் நின்றவர்கள் நகர்ந்து வரவும், அவள் வழிவிட்டு அப்படியே வெளியே நடந்துவிட்டாள்.

திரும்பும்போது வேனில் டீனா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பா முன்சீட்டில் யாரிடமோ பூசை நன்றாக நடந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். சித்தியின் வலது கை மடியில் இன்னும் இறுக மூடியிருந்தது. மேம்பாலத்தில் ஏறுகையில் வண்டி குலுங்கியது. விரலிடுக்கிலிருந்து கொஞ்சம் செம்மண் அவளுடைய வெள்ளைச் சேலையில் உதிர்ந்தது. அவள் அதைத் தட்டிவிடவில்லை.