ஓடுபாதையில் ஒரு காசு

ஏர்போர்ட் கேட்டில் நின்ற காவலர், லோகநாதனின் பாஸை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் சட்டைப்பையிலேயே போட்டுக்கொண்டார். “உங்கள உள்ள விடக்கூடாதுன்னு ஆர்டர் சார். ஆபீஸ்ல போய்க் கேளுங்க.” லோகநாதனுக்குச் சுருக்கென்றது. ஊரப்பாக்கத்தில் மிச்சமிருந்த நிலத்தை விற்று, மச்சினன் குமரேசனையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு வாங்கிய விமானம் கம்பிவேலிக்கு அந்தப்பக்கம் வெயிலில் நின்றுகொண்டிருந்தது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சின்ன விமானம். அதைப் பயிற்சிப் பள்ளிக்கு வாடகைக்கு விட்டிருந்தார். மகள் வினிதாவும் அதில் பறந்துதான் பைலட் லைசென்ஸ் வாங்க வேண்டும். இங்கே நிறுத்த இடமில்லை என்றால் நிலமும் போச்சு, லைசென்ஸும் போச்சு.

ஆபீசில் அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். ஆயுத பூஜையன்று விமானத்துக்கு முன்னால் பூசணிக்காய் உடைத்ததாகப் புகார் வந்திருந்தது. காய்க்குள் குங்குமத்தோடு வைத்த காசுகளில் ஒன்று உருண்டோடி, பெரிய விமானங்கள் போகிற பாதையில் கிடந்ததாம். இன்ஜின் அதை இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார். சின்ன விமானங்களுக்கு இனி இங்கே அனுமதி கிடையாது, மாசக் கடைசிக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். வேறு இடம் எங்கே இருக்கிறது? இந்த மூலை கிடைப்பதற்கே லோகநாதன் எத்தனை ஊர் ஏர்போர்ட்டுக்கு நடையாய் நடந்தார்!

“இன்னா சார் இது? ஜனங்க வரிப்பணத்துல கட்டுன ஏர்போர்ட்டு. பெரிய கம்பெனிக்காரனுக்கு மட்டும் பட்டா போட்டுக் குடுத்துட்டீங்களா? ஒரு ஓரமா நாங்க நிக்கிறது கண்ண உறுத்துதா?”

“புகார் வெளியாளுங்க குடுத்தது இல்லீங்க. உங்க ஆளுங்கள்ல ஒருத்தர்தான் சொன்னாங்க. பேரு சொல்லமாட்டோம், அது ரூல்.”

வீடு திரும்பும்போது அந்த வார்த்தை ஜிஎஸ்டி ரோடு நெடுகிலும் அவரைக் குடைந்துகொண்டே வந்தது. டிராக்டருக்கு உடைத்தார், போர்வெல் லாரிக்கு உடைத்தார், விமானத்துக்கு மட்டும் உடைக்காமல் விட்டால் சாமி சும்மா இருக்குமா? உடைத்தது தன் கைதான் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்கு அங்கே இருந்தது அவர், மனைவி கோகிலவாணி, வினிதா, குமரேசன். சிதறியதைப் பெருக்கி அள்ளியவன் குமரேசன். அப்படியென்றால் காசு எங்கே போனது என்று தெரிந்தவனும் அவன்தானே? போன வாரம் வண்டலூர் டீக்கடையில் அவன் யாரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான்? அந்த மூலைக்காகக் காத்துக்கிடக்கிற இன்னொரு பயிற்சிக் கம்பெனியின் மேனேஜரோடு! அடப்பாவி, கூட இருந்தே குழி பறித்துவிட்டானே என்று முடிவு கட்டினார்.

மறுநாள் அஸ்தினாபுரத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. பந்தியில் குமரேசன் சாம்பார் வாளியோடு வரிசையாகப் பரிமாறிக்கொண்டு வந்தான். லோகநாதன் இலையை மூடினார்.

“டேய் குமரேசா, என் வயித்துல அடிக்கணும்னு எத்தினி நாளா காத்துகினு இருந்தே?”

“இன்னா மாமா பேசுற? நானுந்தான அதுல காசு போட்டுக்கீறேன்.”

“அதான் அவனாண்ட வெல பேசிட்டியே. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?”

பந்தியே கையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. குமரேசன் வாளியைக் கீழே வைத்தான். அக்கா முகத்தை ஒருதரம் பார்த்தான். கோகிலவாணி தலையைக் குனிந்துகொண்டாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டான். அடுத்து ரசம் வந்தது.

சாயங்காலம் தாம்பரத்தில் வீடு திரும்பியதும் வினிதா அவர் எதிரில் வந்து நின்றாள்.

“அப்பா, மாமா இல்லப்பா. நான்தான் சொன்னேன்.”

லோகநாதனுக்கு முதலில் புரியவில்லை.

“காசுல ஒண்ணு கொறஞ்சுதுப்பா. தேடிப் பார்த்தேன், கெடைக்கல. ஃபிளைட் வர்ற டைம் ஆயிடுச்சு. தப்பு நம்மளோடதா இருந்தாலும் உடனே சொல்லிடணும்னு டிரெய்னிங்ல ஃபர்ஸ்ட் கிளாஸ்லயே சொல்லிக்குடுத்தாங்க. சொன்னேன். ஏர்போர்ட் ஆளுங்க ஓடி வந்து தேடி எடுத்தாங்க. அப்புறம்தான் ஃபிளைட் எறங்குச்சு.”

“சொன்னா நம்மள வெளிய தள்ளுவாங்கன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும்பா.”

“உன் லைசென்ஸு?”

அவள் கண் கலங்கிவிட்டது. அவருக்கு ஆத்திரம் பொங்கியது. அதற்குள்ளேயே, இப்படி ஒரு பெண்ணைப் பெற்றிருக்கிறோமே என்று கொஞ்சம் பெருமையும் வந்து தொலைத்தது. அப்புறம் அந்தச் சாம்பார் வாளி நினைவுக்கு வந்து உடம்பு கூசியது. பெற்ற மகளே அப்பனைப் பிடித்துக் கொடுத்துவிட்டாள் என்று நாளைக்கு ஊர் சிரிக்குமே, அதை எப்படித் தாங்குவது?

“சரி, ஆனது ஆச்சு. இது இந்த நாலு செவுத்துக்குள்ளயே இருக்கட்டும். குமரேசன் காதுக்குப் போவக்கூடாது.”

“அப்ப மாமா துரோகியாவே இருக்கட்டுமா?”

“கொஞ்ச நாள் போவட்டும். நானே சமாதானம் பண்ணிக்கிறேன்.”

வினிதா மேசை மேலிருந்த ஃபோனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். லோகநாதன் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை. யாரோ சிநேகிதியாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். மனசு ஒப்பவில்லை. எழுந்து கதவருகே போனார். வினிதா பேசிக்கொண்டே திரும்பினாள். கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்ற அப்பாவைப் பார்த்தாள். ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல், அவரைப் பார்த்தபடியே தொடர்ந்து பேசினாள்.