திருப்பிச் சேமித்த படம்

பருத்திப்பட்டு ஏரிக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியபோதும், உள்ளே போய் எப்படி ஆரம்பிப்பது என்று ரேணுகாவுக்குத் தெரியவில்லை. நடேசனின் மனைவி நாகம்மா கதவைத் திறந்தாள். ஸ்கேன் ஆபீஸிலிருந்து வந்திருப்பதாகச் சொன்னதும், நல்ல சேதி ஏதாவது இருக்குமோ என்கிற முகத்தோடு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

ரேணுகாவுக்கு அம்பத்தூரில் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை. ஸ்கேன் சென்டர்கள் அனுப்பும் மூளைப் படங்களை, ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் கருவி படிக்கிற வகைக்கு மாற்றித் தர வேண்டும். படமெடுக்கும்போது நோயாளியின் வலது நெற்றிப்பொட்டில் ஓர் எண்ணெய் மாத்திரையை ஒட்டுவார்கள். படத்தில் அது வெள்ளைப் புள்ளியாக விழும். பழைய மென்பொருளில் ஆள் நமக்கு எதிரே இருப்பதுபோலத் தெரியும். அவருடைய வலது, திரையின் இடது. நான்கு வருஷம் அப்படியே பார்த்துப் பழகிய கண். தை மாதம் புது மென்பொருள் போட்டார்கள். புள்ளி திரையின் வலது பக்கம் இருந்தது. படம் இடவலம் மாறி வந்திருக்கிறது என்று நினைத்தாள். ஒரு பொத்தான்தான். திருப்பி, சேமித்து, அனுப்பினாள். அதற்குப் பிறகு வந்தவற்றையும் அப்படியே செய்தாள். யாரையாவது கேட்கிற அளவுக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

புது மென்பொருள் ஆளைப் பின்னாலிருந்து பார்ப்பதுபோலக் காட்டியது. படம் சரியாகத்தான் இருந்தது. வைகாசியில் பயிற்சி கொடுக்க வந்தவர் பேச்சுவாக்கில் இதைச் சொன்னபோது, அவள் அதற்குள் பதினோரு படங்களைத் திருப்பியிருந்தாள். ஒவ்வொன்றாக விசாரித்தாள். பத்துப் பேருக்கு டாக்டர்கள் மூலப் படத்தையும் பார்த்துக்கொண்டதால் எதுவும் ஆகவில்லை. பதினோராவது ஆள் நடேசன். ஐயப்பன்தாங்கல் டிப்போவில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இடது பக்கக் கட்டிக்கு வலது பக்கம் துளை போட்டுச் சதை எடுத்துச் சோதித்திருக்கிறார்கள். ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. மூன்று மாதத்தில் பேச்சு நின்றுபோனது. கட்டி இனிமேல் எடுக்க முடியாத அளவுக்கு வளர்ந்திருந்தது.

மேலாளர் லட்சுமணன் கதவைச் சாத்திவிட்டு, நீ சொல்வதால் அந்த மனுஷன் எழுந்து உட்காரப் போகிறாரா என்று கேட்டார். ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு மெயில் எழுதினாள். அங்கிருந்து ஒன்றும் வரவில்லை. மறுநாள் காலையில் அலுவலகக் கணினி அவளுடைய பாஸ்வேர்டை ஏற்கவில்லை.

இதையெல்லாம் நாகம்மாவிடம் சொல்லி முடிக்க வெகுநேரம் பிடித்தது. எது வலது, எது இடது என்று புரியவைக்கத் தன் தலையையே தொட்டுத் தொட்டுக் காட்ட வேண்டியிருந்தது.

"ரிப்போர்ட்டு வந்த அன்னிக்கு தெருவுக்கே ஜிலேபி வாங்கிக் குடுத்தாரு," என்றாள் நாகம்மா கடைசியில். "மூணு மாசமும் சிரிச்சிகினேதான் இருந்தாரு."

தப்பு தன்னுடையதுதான், எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், கேஸ் போடுங்கள் என்றாள் ரேணுகா. நாகம்மா அதைக் காதில் வாங்கிய மாதிரி தெரியவில்லை.

"அப்பவே சரியாப் பாத்திருந்தா பொழச்சிருப்பாரா?"

"தெரியலம்மா. ரெண்டு வருஷம், மூணு வருஷம் கூட இருந்திருக்கலாம். பேச்சு போயிருக்காது."

நாகம்மா மடியிலிருந்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மெதுவாப் பேசும்மா. வாய்தான் போச்சு. காது நல்லா கேக்குது அவருக்கு."

உள்ளறைத் திரை விலகியிருந்தது. நடேசன் கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று இருவருக்கும் தெரியவில்லை. வலது கை செயலற்றுத் தொங்கியது. இடது கையைத் தூக்கி, தலையின் வலது பக்கத் தழும்பில் விரலை வைத்தார். பிறகு விரல்கள் உச்சியைக் கடந்து, தடவித் தடவி, மறுபக்கம் போய் அங்கேயே நின்றன.