கேப்டனின் துப்பாக்கி ஏன் உடைகிறது

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு பள்ளிக்கூட அரங்கத்தில். ஓசியில் வந்த டிக்கெட். குழந்தைகளுக்கான விண்வெளி நாடகம். என் வயதுக்கு அங்கே வேலையில்லை என்பதால் நாடகத்தை விட்டுவிட்டு நடிப்பவர்களின் கைகால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேப்டனாக நடித்த அம்மாள் துப்பாக்கியை நீட்டினார். அதன் மூக்கில் நீல விளக்கு எரிந்தது, 'பிய்யூ' என்று ஒரு சத்தம். கூட்டம் கைதட்டியது. நான் தட்டவில்லை. அந்த அம்மாளின் விரல் விசையின் மேல் இல்லவே இல்லை.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் நானாகக் கட்டியது. கட்டுக்கதை பிடிக்காதவர்கள் இங்கேயே எழுந்து போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஒரு நாடகக் குழுவில் வாளும் கிரீடமும் செய்கிற ஒருவர் இருந்தார். அவர் ஒரு மகா —'

மகா என்ன? தெரியவில்லை. அடித்துவிட்டேன்.

அடுத்தது: 'துப்பாக்கி மறுபடியும் உடைந்தது.' இது தேவலை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

துப்பாக்கி மறுபடியும் உடைந்தது. அதைச் செய்தவரைக் குழுவில் எல்லோரும் 'பசை' என்றுதான் கூப்பிடுவார்கள். விரல் நுனியில் எந்நேரமும் காய்ந்த பசை உரிந்துகொண்டிருக்கும். கேப்டன் அவருடைய மனைவி. மேடையில் மட்டுமல்ல, வீட்டிலும் அவர்தான் கேப்டன்.

ஒத்திகை முடிந்ததும் இயக்குநர் துப்பாக்கியின் உடைந்த மூக்கைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

"பசை, என்னய்யா இது? உடைஞ்சா பிள்ளைங்க சிரிக்குது. சிரிச்சா கேப்டன் மேல இருக்கிற பயமே போயிடுது."

"சரி பண்ணிடறேன்."

"போன தடவையும் இதத்தான் சொன்ன. முடியலைன்னா சொல்லு, அந்தக் காட்சியையே தூக்கிடலாம்."

அந்தக் காட்சி போனால் கேப்டன் பாத்திரத்தில் ஒன்றும் மிஞ்சாது. அது மூவருக்கும் தெரியும். கேப்டன்தான் முந்திக்கொண்டார்.

"எல்லாம் பசையார் கைவண்ணம். வீட்டுல நாற்காலியும் இப்படித்தான், உக்காந்தா நான் கீழ, அது மேல."

எல்லோரும் சிரித்தார்கள். பசையும் சிரித்தார். பழி தன்மேல் விழுந்ததில் அவருக்குக் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது என்று நினைக்கிறேன். ஏன் என்று அப்போது எனக்கும் தெரியாது.

3

துப்பாக்கியின் உடம்பு, கடையில் விற்கிற தண்ணீர்த் துப்பாக்கிதான். பசை அதை இரு பாதியும் சேர்கிற கோட்டின் வழியே இரண்டாகப் பிளந்தார். மூக்கிலிருந்து பிடிவரைக்கும் ஓர் அலுமினியக் கம்பி. சுற்றிலும் நுரை. இரு பாதியையும் ஒட்டி, மேலே கண்ணாடி இழைத் துணியைச் சுற்றி, காய்ந்தால் கல்லாகிற ரெசின் பூசினார். காய்ந்ததும் தேய்த்து, பெயின்ட் அடித்து, கொல்லைப்பக்கம் போய்த் தோள் உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் போட்டுப் போட்டுப் பார்த்தார். கீறல்தான் விழுந்தது.

அடுத்த ஒத்திகையில் மறுபடியும் விழுந்தது. கம்பி தாங்கியது, ஆனால் மூக்கிலிருந்த விளக்கு தெறித்து ஓடிவிட்டது.

பசை அப்போது பக்கத்திரை ஓரமாக நின்றிருந்தார். முதன்முறையாக, உடைவதை விட்டுவிட்டு விழுவதைப் பார்த்தார். யாரும் இடிக்கவில்லை. கேப்டன் தடுமாறவும் இல்லை. வலது கை விரல்கள் தாமாகத் திறந்துகொண்டன, தூங்கிப்போன குழந்தையின் கையிலிருந்து பொம்மை நழுவுகிற மாதிரி.

வீட்டில் டம்ளர் நழுவியதும், சட்டைப் பொத்தானை இடது கையால் போட்டதும், கதவைத் திறக்கச் சாவியை அவரிடமே நீட்டியதும் வரிசையாக ஞாபகம் வந்தன.

(இங்கே ஒரு மருத்துவர் அறை எழுதியிருந்தேன். நோய்க்குப் பெயர்கூட வைத்தாகிவிட்டது. அந்த மருத்துவர் வாயைத் திறந்தால் மூடவில்லை. அறையோடு சேர்த்து அவரையும் அனுப்பிவிட்டேன். பெயர் தெரிந்து நாம் என்ன செய்யப்போகிறோம்?)

4

இந்த இடத்தில்தான் இந்த மனிதர்மேல் எனக்குச் சந்தேகம். கண்ணால் பார்த்துவிட்டார். அன்று வீட்டில் நேராகக் கேட்டிருக்கலாமே?

கேட்கவைத்தும் பார்த்தேன்:

"கைக்கு என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்லையே. ஏன்?"

அதற்குமேல் இருவரும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள். நானும் எத்தனையோ விதமாகத் தள்ளிப் பார்த்தேன். தாள்தான் வீணானது.

அவர் செய்தது இதுதான்: இன்னொரு சுற்று ரெசின் பூசினார். தப்பு துப்பாக்கியில்தான் என்று அதற்கும் தனக்கும் சேர்த்துச் சத்தியம் செய்கிறவர்போல் பூசினார். துப்பாக்கி கனத்தது. கனக்கக் கனக்க அது சீக்கிரம் விழுந்தது. உடையக்கூடாது என்று அவர் சேர்த்த ஒவ்வொரு பொட்டுப் பாரத்தையும் அந்தக் கைதான் தூக்கவேண்டியிருந்தது. இது புரிந்த நாளில் அவர் பட்டறைத் தரையில் உட்கார்ந்து அழுதார். இதை அலங்கரித்து எழுத எனக்கு மனமில்லை. அழுதார்.

5

பிறகு எழுந்து எல்லாவற்றையும் கழற்றிப்போட்டார்.

கம்பி இல்லை. தண்ணீர்த் துப்பாக்கியும் இல்லை. வெறும் நுரையில் செதுக்கி, மேலே ஒரே ஒரு சுற்று மெல்லிய இழைத்துணி. விளக்கை மூக்கில் வைக்காமல் உள்ளே புதைத்து, ஒளி மட்டும் ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியாக வெளியே வரச் செய்தார். பழைய பேட்டரிகளுக்குப் பதில் வில்லை மாதிரி இரண்டு. விழுந்தால் துள்ளும், உடையாது. அவர் வாழ்நாளில் செய்ததிலேயே நல்ல பொருள் அதுதான்.

விசைதான் பாக்கி. முதலில் இருந்தது அழைப்புமணிப் பொத்தான், அழுத்த பலம் வேண்டும். அதை எடுத்துக் கம்ப்யூட்டர் மவுஸின் பொத்தானை வைத்திருந்தார். இப்போது அதை அழுத்தவும் விரலில் பலம் இல்லை. ஒரு பொம்மைக் காரைப் பிரித்து, அதன் உள்பாகத்தைத் துப்பாக்கிக்குள் வைத்து, ரிமோட்டைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கேப்டன் கொல்லைப்பக்கம் வந்து துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னங்க, உள்ள ஒண்ணுமே இல்லையா?"

"தேவையானது மட்டும் இருக்கு."

"விசை?"

"சும்மா தொட்டாப் போதும்."

கேப்டன் சுவரைப் பார்த்து நீட்டினார். பசையின் கை பைக்குள் போனது. நீல விளக்கு எரிந்தது, 'பிய்யூ'.

"நான் இன்னும் தொடவே இல்லையே" என்றார் கேப்டன்.

அவசரம். எத்தனை நுணுக்கமாகச் செய்தவர், மனைவி விரலை நகர்த்தும்வரை பொறுக்கவில்லை. பசைக்கு முகம் கறுத்துவிட்டது. கேப்டன் அவருடைய சட்டைப்பையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. லேசா இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

(அவர் உள்ளே போய் என்ன செய்தார் என்று எழுதவில்லை. சமையலறைக் குழாய் ரொம்ப நேரம் திறந்தே இருந்தது.)

6

அப்புறம் நான் பார்த்த காட்சி: விரல் தொடாமல் துப்பாக்கி சுட்டது, கூட்டம் தட்டியது. அங்கேயே முடித்திருந்தால் நல்ல பிள்ளை ஆகியிருப்பேன். தட்டியதோடு முடிகிற கதை எனக்குச் செரிக்கவில்லை. இன்னொரு நாள், இன்னொரு அரங்கம் போடுகிறேன்.

கேப்டன் துப்பாக்கியைத் தலைக்குமேல் தூக்கவேண்டிய இடம். தூக்குகிறார். விரல்கள் திறக்கின்றன. துப்பாக்கி பலகையில் விழுந்து, ஒரு துள்ளு துள்ளி, முன்வரிசைக்கு நேரே வந்து கிடக்கிறது.

உடையவில்லை.

பாருங்கள், இதை நானும் யோசிக்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை. இத்தனை நாளும் உடைந்ததால்தான் அது துப்பாக்கியின் குற்றமாக இருந்தது. இன்றைக்கு அது முழுசாகக் கிடக்கிறது. குற்றம் சொல்ல மேடையில் வேறு ஒன்றும் இல்லை, அந்தக் கையைத் தவிர. இயக்குநர் எதிர்ப்பக்கத் திரையிலிருந்து துப்பாக்கியைப் பார்க்கவில்லை, கையைப் பார்க்கிறார்.

7

முடிவு ஒன்று: பசை ரிமோட்டை அழுத்துகிறார். கீழே கிடந்த துப்பாக்கி தானாகச் சுடுகிறது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கின்றன. எழுதினேன், கிழித்தேன்.

முடிவு இரண்டு: கேப்டன் குனிந்து இடது கையால் எடுத்து, 'இந்தக் கப்பலில் எனக்கு இரண்டு கைகள்' என்று ஒரு வசனம் விடுகிறார். நல்ல வசனம்தான். அதனால்தான் அடித்தேன், அந்த நிமிஷத்தில் யாருக்கும் நல்ல வசனம் வராது.

மூன்றாவதை நான் எழுதவில்லை. கேப்டனே செய்தார். தொங்குகிற கையை மறைக்காமல், பக்கத்திரையைப் பார்த்து, மேடைக் குரலை விட்டுவிட்டு வீட்டுக் குரலில் கூப்பிட்டார்:

"பசையாரே, வாங்க. வந்து எடுத்துக் குடுங்க. என்னால முடியல."

பசை இதுவரை மேடை ஏறியதே இல்லை. அவர் போய் அதை எடுத்து அந்தக் கையில் வைத்து, தன் கையால் மூடிப் பிடித்தால், இருவரும் இத்தனை நாள் மென்று முழுங்கியது எல்லோர் முன்னாலும் உண்மையாகிவிடும். போகாவிட்டால் அவள் அங்கேயே தனியாக நிற்பாள்.

அவருடைய செருப்பின் நுனி திரைக்கு வெளியே தெரிகிறது. நான் அவரை நகர்த்திப் பார்த்தேன், எனக்குக் கால் எழவில்லை. அவள் இன்னும் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீங்களாவது போங்களேன்.